பழைய கணினிக்கு எந்த பிராசஸர்? சோமனூர் வாசகருக்கு ஒரு பதில்

சோமனூரிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வீட்டை ஒட்டியே தறிக்குடோன், கூலிக்கு நெசவு. 2017இல் வாங்கிய கணினியில்தான் டேலி கணக்கும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் நடக்கின்றன. இன்டெல் ஐ3-7100 பிராசஸர், எச்110 மதர்போர்டு, ஒரே பட்டையாக 8 ஜிபி டிடிஆர்4 ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். மகன் கோவையில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் சேர்ந்திருக்கிறார். ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் என்ற இன்ஜினீயரிங் வரைவு மென்பொருள்கள் வீட்டுக் கணினியிலும் ஓட வேண்டும். இப்போது கணினி திறப்பதற்கே 5 நிமிடம் ஆகிறதாம். "காந்திபுரத்தில் ஒரு கடையில், இதே போர்டில் பொருந்தும் பழைய ஐ7-7700 இருக்கிறது, போட்டால் பறக்கும் என்கிறார்கள். வாங்கலாமா, புதிதாகவே வாங்க வேண்டுமா? 30,000 ரூபாய் வரை செலவு செய்ய முடியும்" என்று கேட்டிருக்கிறார்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த ஐ7-7700ஐ வாங்காதீர்கள். தாமதம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமலேயே சொல்லப்பட்ட யோசனை அது.

அதை நீங்களே பார்த்துவிடலாம். கணினி திறந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் சிபியு, மெமரி, டிஸ்க் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும். டேலியைத் திறங்கள், கூடவே பிரவுசரில் ஜிஎஸ்டி தளத்தையும் திறங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றுகொண்டு, சிபியு 20, 30க்குள் ஊசலாடினால் பிராசஸர் மேல் குற்றமில்லை. ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டின் மேல் முனை நகர்ந்துபோய் ஒரு தகவலைத் தொட ஏறக்குறைய 10 மில்லி விநாடி ஆகும். விண்டோஸ் திறக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. எஸ்எஸ்டி என்ற சில்லு வகைச் சேமிப்பில் நகரும் பாகமே இல்லாததால் அந்தத் தேடல் 0.1 மில்லி விநாடி அளவில் முடிந்துவிடுகிறது. பாவு வந்து சேராமல் தறி நிற்கும்போது மோட்டாரை மாற்றி என்ன பயன்? 5 நிமிடம் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் கணினியில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது சந்தேகம் தூசியின் மேல். சோமனூர், பல்லடம், மங்கலம் பக்கம் தறியோடு ஒட்டிய வீடுகளில் இதைத் தனியாகவே கவனிக்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். பிராசஸரின் மேலிருக்கும் சிறிய ஃபேனையும் நான்கு முனைக் கொக்கிகளைத் திருப்பி எடுத்துவிடுங்கள். ஃபேனுக்கும் அடியிலுள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே, பஞ்சும் பாவு நூலிலிருந்து உதிர்ந்த கஞ்சித் தூளும் சேர்ந்து ஒரு படலமாக அடைத்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஃபேன் நன்றாகச் சுற்றுகிறது. காற்று மட்டும் தகடுகளுக்குள் போவதில்லை. வெப்பம் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். படலத்தை உரித்தெடுத்து, மென்மையான பிரஷால் தட்டி, பழைய தெர்மல் பேஸ்ட்டை (பிராசஸரின் வெப்பத்தைத் தகடுகளுக்குக் கடத்தும் பசை) துடைத்துப் புதிதாகப் பட்டாணி அளவு வைத்துப் பூட்டுங்கள். ப்ளோயர் பயன்படுத்தினால் ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுற்ற விடக்கூடாது. கேபினட்டைத் தரையில் வைக்காமல் மேஜை மேல், தறிக்குடோன் கதவுக்கு எதிர்ப்பக்கமாக வையுங்கள். புதிய கணினியே வாங்கினாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த வேலை உண்டு.

இனி அந்த ஐ7க்கு வருவோம். ஐ7-7700, ஐ3-7100 இரண்டும் 2017 ஜனவரியில் வந்த ஒரே தலைமுறை. உங்களுடையதில் 2 கோர் (கணக்கிடும் பகுதி), 4 திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசை). அதில் 4 கோர், 8 திரெட். சேர்ந்திருக்கும் கிராஃபிக்ஸ் இரண்டிலும் அதே எச்டி 630தான். ஆகவே பல வேலைகளை ஒன்றாக ஓட்டும்போது ஐ7 உதவும். மகன் சாலிட்வொர்க்ஸில் ஒரு பாகத்தைத் திருப்பிப் பார்க்கும்போது திரையில் பெரிய மாற்றம் தெரியாது. ஐ3யோடு வந்த சிறிய கூலரை அதன்மேல் வைத்தால், பஞ்சு பறக்கும் வீட்டில் அது மிகவும் சூடாகும்.

இதைவிடப் பெரிய காரணம் விண்டோஸ். விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 இன்டெல்லில் 8ஆம் தலைமுறை முதல்தான் அதிகாரபூர்வமாக ஏற்கப்படுகிறது. விரல்விட்டு எண்ணக்கூடிய சில விதிவிலக்குகளில் ஐ7-7700 இல்லை. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று கடையில் சொல்வார்கள். ஏறவும் செய்யும். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட்டுகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. ஜிஎஸ்டி பாஸ்வேர்டும் வங்கிக் கணக்கும் புழங்கும் கணினியில் அந்தத் துணிச்சல் வேண்டாம் என்பேன்.

"அப்படியானால் இதே போர்டில் 8ஆம், 9ஆம் தலைமுறை பிராசஸரைப் போட்டுவிடலாமே" என்று தோன்றும். முடியாது. 6 முதல் 9 வரை எல்லாத் தலைமுறைகளுக்கும், பிராசஸர் உட்காரும் சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ1151தான், பின்களின் எண்ணிக்கையும் ஒன்றுதான். ஆனால் 8ஆம் தலைமுறையில் மின்சாரம் செல்லும் பின்களின் அமைப்பை இன்டெல் மாற்றிவிட்டது. எச்310, பி360 போன்ற 300 வரிசை போர்டுகளே அதற்குத் தேவை. எச்110 போர்டில் உட்காரும், ஓடாது. எனவே பிராசஸரை மாற்றுவது என்று முடிவெடுத்தால் மதர்போர்டையும் சேர்த்தே மாற்றியாக வேண்டும்.

அந்த இணையைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் ரேமிலிருந்து தொடங்குங்கள். ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சில்லுகள் திருப்பிவிடப்படுவதால் 2025 இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. உங்களிடம் இருக்கும் 8 ஜிபி டிடிஆர்4 பட்டை இன்று மதிப்புள்ள பொருள், அதை வீணாக்கக் கூடாது. இன்டெல்லின் புதிய கோர் அல்ட்ரா 200 டெஸ்க்டாப் வரிசையும் ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டும் அடுத்த வகை ரேமான டிடிஆர்5 மட்டுமே ஏற்பவை. முழுக் கணினியையும் புதிதாக வாங்குகிறவருக்கு ஏஎம்5 நல்ல தேர்வு. 2027 வரையும் அதற்கு அப்பாலும் அந்தச் சாக்கெட்டுக்குப் புதிய பிராசஸர்கள் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. உங்கள் கணக்கில் அது பொருந்தாது.

உங்களுக்கு நான் சொல்வது, இன்டெல்லின் 12ஆம் தலைமுறை ஐ5-12400, கூடவே டிடிஆர்4 ஏற்கும் எச்610 மதர்போர்டு. 6 கோர், 12 திரெட். 2022இல் வந்ததுதான், ஆனால் ஒவ்வொரு கோரும் 7ஆம் தலைமுறைக் கோரைவிட மிக வேகமானது. கேட் (CAD) எனப்படும் கணினி வரைவில் அதுதான் முக்கியம். ஒரு பாகத்தை வரைந்து, மாற்றி, மறுபடி கணக்கிடும் வேலை பெரும்பாலும் ஒரே கோரில்தான் நடக்கிறது. ரெண்டரிங்கும் சிமுலேஷனும்தான் எல்லாக் கோர்களையும் இழுக்கின்றன. டேலியும் பிரவுசரும் மட்டும்தான் என்றால் ஐ3-12100 தாராளமாகப் போதும். ஐ7-7700 போல அதிலும் 4 கோர், 8 திரெட்தான், ஆனால் அதை எளிதாக முந்திவிடும். பெயரில் இருக்கும் 3, 5, 7ஐவிட அதற்குப் பின்னால் வரும் தலைமுறை எண்ணையே (12400இல் 12, 7700இல் 7) முதலில் பாருங்கள்.

பில் போடும்போது ஓர் எழுத்தில் கவனமாக இருங்கள். ஐ5-12400, ஐ5-12400எஃப் என்று இரண்டு உண்டு. எஃப் கொஞ்சம் மலிவு; அதில் கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத உங்கள் கணினியில் எஃப்பைப் போட்டால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், மானிட்டரில் ஒன்றும் வராது. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை நீங்களே ஒருமுறை வாசித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஏஎம்டியில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது ரைசன் 5 5600ஜி. அதுவும் டிடிஆர்4, அதுவும் 6 கோர். உள்ளிருக்கும் கிராஃபிக்ஸ் இன்டெல்லைவிட வலுவானது. மகன் கொஞ்சம் கேமும் விளையாடுவார் என்றால் அதை எடுக்கலாம். இங்கே தேவையானது ஜி என்ற எழுத்து. வெறும் 5500, 5600 இரண்டிலும் கிராஃபிக்ஸ் இல்லை.

எது வாங்கினாலும் ரேமை 16 ஜிபி ஆக்க வேண்டும், சாலிட்வொர்க்ஸுக்குக் குறைந்தபட்சம் அது தேவை. எச்610 போர்டுகளில் பொதுவாக இரண்டு ஸ்லாட்டுகளே இருக்கும். உங்கள் ரேம் ஒரே பட்டையாக இருப்பது நல்லதாகப் போயிற்று, இன்னொரு 8 ஜிபி பட்டையைச் சேர்த்தால் போதும். இரண்டு பட்டைகளும் ஒன்றாக வேலை செய்யும்போது மெமரியின் பாதை இரட்டிப்பாகும். மெமரியைப் பங்கிட்டுக்கொள்ளும் உள் கிராஃபிக்ஸுக்கு அது நேரடி லாபம். உங்கள் மானிட்டர் பழைய விஜிஏ வகையா என்று பார்த்து, போர்டின் பின்புறம் அந்த இணைப்பு இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி விஷயத்தில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். கேபினட்டோடு இலவசமாக வந்த 2017 எஸ்எம்பிஎஸ்ஸை நம்பிப் புதிய போர்டைப் பூட்டுவதை நான் ஏற்கமாட்டேன். அதன் பிராசஸர் இணைப்பில் 4 பின் இருக்கலாம், பல புதிய போர்டுகள் 8 பின் கேட்கும். தறிகள் ஒன்றாக ஓடி நிற்கும் ஊரில் மின்னழுத்தம் ஏறி இறங்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 80 பிளஸ் பிரான்ஸ் (80 Plus Bronze) தரமுள்ள 450 வாட் எஸ்எம்பிஎஸ் போதும். அதோடு ஒரு 600 விஏ யுபிஎஸ் இருந்தால், பதிவு போட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய் டேலி கோப்பு கெடுகிற தொல்லையும் குறையும்.

கடையில் பாக்ஸ், ட்ரே என்று இரண்டு விதமாக பிராசஸர் சொல்வார்கள். பாக்ஸில் கூலர் இருக்கும், இன்டெல்லின் 3 ஆண்டு உத்தரவாதமும் உண்டு. ட்ரேயில் கூலர் இல்லை. உத்தரவாதம் விற்பவர் தருவதுதான். உங்கள் பழைய கூலர் ஐ5-12400 உட்காரும் எல்ஜிஏ1700 சாக்கெட்டில் பொருந்தாது, துளைகளின் இடைவெளியே வேறு. ஆகவே பாக்ஸையே கேளுங்கள். பிராசஸர் பழையது வாங்கினாலும் பெரும்பாலும் பழுதில்லாமல் ஓடும். மதர்போர்டைப் பழையதாக வாங்கவே கூடாது. தலைமயிர் தடிமனுள்ள பின்கள் போர்டின் சாக்கெட்டில்தான் இருக்கின்றன, ஒன்று வளைந்திருந்தாலும் ரேம் ஸ்லாட் வேலை செய்யாமல் போகலாம். தொழிலுக்கும் பயன்படுவதால் உங்கள் ஜிஎஸ்டி எண் போட்ட பில் வாங்குங்கள். எவ்வளவு வரியை உள்ளீட்டு வரவாக எடுக்கலாம் என்று ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள், வீட்டுப் பயன்பாட்டுக்கு உரிய பங்கு அதில் கழியும்.

30,000 ரூபாய்க்குள் எல்லாம் அடங்கவில்லை என்றால் வாங்கும் வரிசையை மாற்றுங்கள். முதலில் 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. அதை இன்றே பழைய போர்டில் பூட்டி ஓட்டலாம், நாளை புதிய போர்டுக்கும் அப்படியே எடுத்துப் போகலாம். திறக்கும் நேரம் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும், கணக்கு வேலைக்கு அவசரம் தீர்ந்துவிடும். பிறகு பிராசஸர், போர்டு, எஸ்எம்பிஎஸ் மூன்றும் ஒரே தடவையில். ரேம் கடைசியில். மகனுக்கு முதல் ஆண்டில் கேட் வேலை எவ்வளவு வரும் என்று கல்லூரிப் பாடத்திட்டத்தைப் பார்த்துக்கொண்டு இடைவெளியை முடிவு செய்யலாம். பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாமல் பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போர்டை மாற்றும் நாளில், ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன் டேலியைத் திறந்து கம்பெனி டேட்டாவை ஒரு பென் டிரைவில் பேக்கப் எடுங்கள். இணைய இணைப்போடு லைசென்ஸ் பகுதிக்குப் போய் லைசென்ஸை சரண்டர் செய்யுங்கள். புதிய போர்டில் விண்டோஸ் ஏற்றிய பிறகு மறுபடி ஆக்டிவேட் செய்துகொள்ளலாம். சரண்டர் செய்யாமல் போர்டை மாற்றினால் டேலி எஜுகேஷனல் நிலைக்கு (கட்டுப்பாடுகள் உள்ள பயிற்சி நிலை) போய்விடும் வாய்ப்பு உண்டு. கணினியோடு வந்த ஓஇஎம் விண்டோஸ் லைசென்ஸ் பழைய போர்டோடு கட்டப்பட்டது, புதிய போர்டுக்கு அது மாறாது. புதிய லைசென்ஸுக்கான தொகையையும் 30,000க்குள் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.