வாசகர் கேள்வி: சரிவில் பறக்கும் ட்ரோனுக்கு எவ்வளவு இடைவெளி?

கேள்வி: தேயிலை மலையைப் படமெடுக்கத் தானாகப் பறக்கும் ட்ரோன் வைத்திருக்கிறோம். நிழல்மரங்கள் 12 மீற்றர். 18 மீற்றர் உயரம் கொடுத்தும் இரண்டு தடவை மரநுனியை உரசப் பார்த்தது. கருவியில் பழுதா? (வாசகர், தலவாக்கலை)

பதில்: முதலில் அந்த 18 மீற்றர் எங்கிருந்து அளக்கப்படுகிறது என்று பாருங்கள். பல ட்ரோன்கள் கிளம்பிய இடத்திலிருந்தே உயரத்தைக் கணக்கிடும். நிலம் ஏற ஏற இடைவெளி குறையும். வரைபடத்தைப் பார்த்து நிலத்தையொட்டிப் பறக்கும் முறையில் விட்டாலும் 6 மீற்றர் போதாது. கணக்கைப் பாருங்கள்.

உயரமானியின் நியம விலகல், அதாவது அது வழக்கமாகத் தவறும் அளவு, 1 மீற்றர், காற்றில் பாதை விலகுவது 1 மீற்றர் என்று கொள்வோம். ஜி.பி.எஸ். கிடையாக 2 மீற்றர் தவறினால் 30 பாகைச் சரிவில் அதுவே உயரத்தில் சுமார் 1.2 மீற்றர் வழுவாகும். சமதரையில் இந்தச் சிக்கலே இல்லை. நிலத்தின் உயர வரைபடத்தின் வழு 4 மீற்றர் என்று கொள்வோம். இவற்றை நேராகக் கூட்டக் கூடாது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வருவது 4.4. பாதுகாப்புக்காக அதன் மும்மடங்கு, ஏறத்தாழ 13 மீற்றர், மரத்துக்கு மேல் வேண்டும். அதாவது 25 மீற்றர் உயரம்.

இதில் பெரும்பங்கு வரைபடத்துடையது. இலவசமாகக் கிடைக்கும் வரைபடங்களில் 30 மீற்றருக்கு ஒரு புள்ளிதான். இடையிலுள்ள மேடு தெரியாது. ஒருமுறை உயரத்தில் பறந்து படமெடுத்து, நிலத்தில் அளந்த புள்ளிகளோடு பொருத்திச் சொந்த வரைபடம் செய்யுங்கள். அதன் வழு 1 மீற்றருக்கு இறங்கினால் தேவையான இடைவெளி 6.2 மீற்றர்தான். விலையுயர்ந்த ஜி.பி.எஸ். வாங்குமுன் இதைச் செய்யுங்கள்.

கேள்வி: பனிமூட்டம் வந்தால் தானே திரும்பிவிடும் என்கிறார்களே? (வாசகி, மஸ்கெலியா)

பதில்: திரும்பும், பற்றரி இருந்தால். செக்கனுக்கு 12 மீற்றர் வேகத்தில் 800 மீற்றர் வர 67 செக்கன். செக்கனுக்கு 8 மீற்றர் எதிர்க்காற்றில் 200 செக்கன். சராசரிக் காற்றை அல்ல, அளந்த மிகப் பெரிய வீச்சைக் கணக்கில் எடுங்கள். 1,900 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 17 சதவீதம் குறைவு. மிதப்பதற்கே சுமார் 10 சதவீதம் கூடுதல் சக்தி செலவாகும். குளிர்ந்த காலையில் பற்றரியும் தளரும். திரும்பும் உயரத்தை வழியிலுள்ள மிக உயர்ந்த மரத்துக்கு மேல் வையுங்கள். கமரா கண் பனிமூட்டத்தில் குருடாகும் என்பதால், அது தடையைக் கண்டு ஒதுங்கும் என்று எண்ணவே வேண்டாம்.