கைதுக்கான காரணம் காகிதத்தில் எங்கே?

கேள்வி: "சும்மா விசாரணைதான்" என்று சொல்லி ராத்திரி 9 மணிக்கு அண்ணனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். திருட்டு வழக்கு என்று மறுநாள் மத்தியானம்தான் சொன்னார்கள். எப்போது சொல்லியிருக்க வேண்டும்?
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: கைது செய்த உடனேயே. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 47-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஜாமீனில் விடக்கூடிய குற்றமானால் அதையும் அப்போதே சொல்ல வேண்டும். அவர் கை காட்டும் உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தருவது 48-ஆம் பிரிவு.

வாயால் சொன்னால் மட்டும் போதாது. எந்தக் குற்றமானாலும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. உடனே எழுதித்தர வழியில்லாத சூழலில் முதலில் வாயால் சொல்லலாம். ஆனால் ரிமாண்டுக்காக, அதாவது காவலில் வைக்க உத்தரவு கேட்டு, மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்னால் காகிதம் கைதானவர் கையில் இருக்க வேண்டும். "திருட்டு, இன்ன பிரிவு" என்று ஒற்றை வரி எழுதிக் கொடுப்பது காரணம் ஆகாது. என்றைக்கு, எங்கே, இவர் என்ன செய்ததாகப் புகார் என்பது அதில் இருக்க வேண்டும்.

பெரும்பாலும் கோளாறு நடப்பது நேரத்தில்தான். ராத்திரியே பிடித்தவரை மறுநாள் மத்தியானம் 12 மணிக்குக் கைது செய்ததாகக் கைது மெமோவில் (கைது விவரக் குறிப்பில்) எழுதுவார்கள். மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டிய 24 மணி நேரக் கணக்கு அங்கிருந்து ஓட ஆரம்பிக்கும். வெளியே போக விடாமல் வைத்த நேரத்திலிருந்தே எண்ண வேண்டும் என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனால் அந்த நேரத்தை நீங்கள்தான் காட்டியாக வேண்டும். கூட்டிப் போன அன்று ராத்திரியே நாகர்கோவில் எஸ்.பி. அலுவலகத்துக்கு ஒரு இமெயில் போட்டு வைப்பது நல்ல சாட்சி. மெமோவில் கையெழுத்துப் போடச் சொன்னால், பக்கத்திலேயே தேதியையும் அப்போதைய நேரத்தையும் சொந்தக் கையால் எழுதுங்கள். வெற்றுத்தாள் நீட்டினால் போடவே வேண்டாம்.

கேள்வி: கேரள போலீஸ் என் மைத்துனரைக் கைது செய்து, மலையாளத்தில் எழுதிய தாளைக் கொடுத்திருக்கிறது. அவருக்கு மலையாளம் பேச வரும், வாசிக்கத் தெரியாது. அது செல்லுமா?
- வாசகர், களியக்காவிளை

பதில்: விளவங்கோடு பக்கம் பலருக்கும் உள்ள சங்கடம் இது. காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பதே மேலே சொன்ன 2025 தீர்ப்பின் வார்த்தை. வாசிக்கத் தெரியாத எழுத்தில் தந்திருப்பதை ரிமாண்டின்போதே வக்கீல் மூலம் மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100-ல் இலவச சட்ட உதவி கேட்கலாம். எழுத்தில் காரணம் தராத கைது செல்லாது என்றாகி அவர் விடுதலையானாலும் வழக்கு முடிந்துவிடாது. காரணத்தை முறையாகக் கொடுத்துவிட்டுப் போலீஸ் மறுபடியும் ரிமாண்ட் கேட்கலாம்.

கேள்வி: "நீ பேசாமல் இருக்கலாம்" என்று சினிமா போலீஸ் சொல்கிறதே, இங்கே ஏன் சொல்வதில்லை?
- வாசகி, குளச்சல்

பதில்: அது 1966-ல் வந்த அமெரிக்கத் தீர்ப்பின் விளைவு. அப்படிப் படித்துக் காட்டும் கட்டாயம் நம் சட்டத்தில் இல்லை. உரிமை மட்டும் உண்டு: தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவும் கூடாது.