எடை குறைப்பு க்ளினிக்கில் சோதனை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எம்.சி. ரோடு பக்கம் ஒரு எடை குறைப்பு க்ளினிக்கில் 45,000 ரூபாய் கட்டியிருக்கிறேன். போன வாரம் அரசு அதிகாரிகள் வந்து சோதனை போட்டார்கள். மறுநாளே வழக்கம்போல் திறந்துவிட்டார்கள். அப்படியென்றால் குறை ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்?
*– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை*

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. வந்த அன்றே பூட்டிச் சீல் வைப்பது அபூர்வம். குறைகளை எழுதிக்கொண்டு போய், விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்புவார்கள். பதிவை ரத்து செய்வதா என்பது அதற்குப் பிறகுதான்.

வந்தது யார் என்று விசாரியுங்கள். மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம், அதாவது ‘ஜே.டி. ஆபீஸ்’ ஆட்கள் என்றால், 1997-ம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவுச் சான்று, டாக்டரின் தகுதி, இட வசதி, அவசர சிகிச்சை ஏற்பாடு ஆகியவற்றைப் பார்த்திருப்பார்கள். மருந்து ஆய்வாளர் என்றால் ஃப்ரிட்ஜும் கொள்முதல் பில்லும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்றால் ஊசிக் கழிவு. ஒரு துறை பார்த்ததை இன்னொரு துறை பார்ப்பதில்லை. அதனால் ‘ஆபீஸர் வந்து ஓகே சொல்லிட்டார்’ என்று ரிசப்ஷனில் சொன்னால், எந்த ஆபீஸர் என்று கேளுங்கள்.

நீங்களே பார்க்கக்கூடியதும் நிறைய உண்டு. சுவரில் மாட்டிய பதிவுச் சான்றில் இருக்கும் முகவரி இந்தக் கிளையின் முகவரிதானா? தலைமைக் கிளையின் சான்றை நகலெடுத்து மாட்டியிருந்தால் அது இங்கே செல்லாது. மருந்துச் சீட்டிலும் ரசீதிலும் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். அதைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையப் பட்டியலில் தேடிப் பாருங்கள். டயட்டீஷியனோ பிசியோதெரபிஸ்ட்டோ ஊசி மருந்து எழுதித்தர முடியாது.

‘30 நாளில் 10 கிலோ, கியாரண்டி’ என்று வாசலில் போர்டு இருக்கிறதா? மருந்து கொடுத்து இன்ன நோயைக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்யக்கூடாத நோய்களின் பட்டியல் 1954-ம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. உடல் பருமனும் அதில் உண்டு. போர்டை போட்டோ எடுத்து வையுங்கள். சோதனை என்று தெரிந்ததும் முதலில் காணாமல் போவது அதுதான்.

கேள்வி: என் அண்ணிக்கு வாரம் ஒரு ஊசி. ஏற்கெனவே மருந்து ஏற்றி வைத்த சிரிஞ்சை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வந்து போடுகிறார்கள். பெட்டியைக் காட்டுவதே இல்லை. இது சரியா?
*– வாசகர், திருவொற்றியூர்*

பதில்: சரியில்லை. அடுத்த ஊசியைப் போடவிடாதீர்கள்.

இப்போது எடை குறைப்புக்கு அதிகம் போடுவது செமாக்ளூடைடு, டிர்ஸெபடைடு. இரண்டும் விலை கூடிய மருந்துகளாகத்தான் வந்தன. ஆகவே பல டோஸ் மருந்து அடைத்த ஒரு ‘பேனா’ ஊசியை வாங்கி, இன்சுலின் சிரிஞ்சில் உறிஞ்சி, நாலைந்து பேருக்குப் பிரித்துப் போடும் பழக்கம் வந்திருக்கிறது. பேனா ஒருவருக்கு மட்டுமே. அதையே அடுத்தவருக்குக் குத்தினால், ஊசி முனையை மாற்றினாலும், முந்தியவரின் ரத்தம் உள்ளே பின்வாங்கியிருக்க வாய்ப்புண்டு. ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. தொற்றுக்கு அது போதும். அளவும் தவறும். டிர்ஸெபடைடை 2.5 மி.கி.யில் தொடங்கி, நாலு வாரம் கழித்துத்தான் 5 மி.கி.க்கு ஏற்ற வேண்டும். இன்சுலின் சிரிஞ்சில் இருப்பதோ யூனிட் கோடு. மனக்கணக்கில் மாற்றி உறிஞ்சும்போது இரட்டை டோஸ் ஏறிவிடும், பிறகு நிற்காத வாந்திதான்.

ஃப்ரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரீசரை ஒட்டி வைத்து உறைந்துவிட்டால் மருந்து வீண். உருகிய பிறகும் போடக்கூடாது. டிர்ஸெபடைடு வெளியில் 30 டிகிரிக்குள் சில வாரம் தாங்கும், ஆனால் மே மாதத்து கரன்ட் கட்டில் நம் ஊர் அறை 30-க்குள் எங்கே நிற்கிறது? மருந்து ஆய்வாளர் கதவைத் திறந்ததும் தேடுவது தெர்மாமீட்டரையும் தினம் எழுதிய வெப்பநிலை ரிஜிஸ்டரையும்தான். பால் பாக்கெட்டும் டிபன் பாக்ஸும் மருந்தோடு இருந்தால் அங்கேயே குறிப்பு எழுதிவிடுவார். பிறகு பில்லையும் பெயர்ப் பட்டியலையும் ஒப்பிடுவார். பத்து பேனாவுக்கு பில், முப்பது பேருக்கு ஊசி என்றால் மீதி எங்கிருந்து வந்தது?

அண்ணி முன்னால் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். மருந்தின் பெயர், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி மூன்றையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். கணையத்தில் முன்பு அழற்சி வந்ததா, குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா என்று கேட்காமலே ஊசி போட்டிருந்தால், அந்த இடத்தை விட்டுவிடுவதே நல்லது. மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்ந்தாலோ வாந்தி நிற்காவிட்டாலோ காத்திருக்காமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனை எமர்ஜென்ஸிக்குப் போங்கள். சீட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.

கேள்வி: க்ளினிக் மெஷினில் நாலு கிலோ குறைந்ததாகக் காட்டுகிறது. வீட்டு மெஷினில் ஒரு கிலோதான். எதை நம்புவது?
*– வாசகி, வியாசர்பாடி*

பதில்: இரண்டையும் சோதியுங்கள். முதலில் நீங்கள் மட்டும் ஏறுங்கள். பிறகு சீல் உடைக்காத 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். வித்தியாசம் கேனோடு சேர்த்து 20.5 முதல் 21 கிலோ வர வேண்டும். 18 என்று காட்டினால் மெஷின் பொய் சொல்கிறது. மெஷின் கார்ப்பெட் மேல் இருந்தாலும் எடையைத் தவறாகக் காட்டும், டைல்ஸ் தரைக்கு நகர்த்தச் சொல்லுங்கள். வருடா வருடம் எடையளவுத் துறை முத்திரை வைத்திருக்க வேண்டும். அந்த ஸ்டாம்ப் எந்த வருடத்தது என்றும் பாருங்கள்.

கேள்வி: க்ளினிக்கை மூடிவிட்டால் கட்டின பணம்?
*– வாசகர், கொடுங்கையூர்*

பதில்: முதலில் சிகிச்சைக் குறிப்புகளை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் டாக்டர் தர வேண்டும். பணத்தைத் திருப்பிக் கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. முதலில் பேசிப் பார்க்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யலாம். ஜிபேயில் கட்டியவர்கள் அந்த ஸ்கிரீன்ஷாட்டை இன்றே பிரின்ட் போட்டு வையுங்கள். யார் பெயருக்குப் பணம் போயிருக்கிறது என்பதையும் பாருங்கள். க்ளினிக் கணக்குக்குப் போகாமல் ஊழியரின் சொந்த நம்பருக்குப் போயிருந்தால், புகாரில் அந்தப் பெயரையும் சேர்க்க வேண்டும்.