மார்ச்சில் ஸ்காட்லாந்து போகிறேன். ஆற்று டிரவுட்டுக்கான ஃப்ளை ஃபிஷிங்கை ஏற்காட்டிலேயே பழகிவிட்டுப் போக முடியுமா?

வீசப் பழகலாம். டிரவுட் கிடைக்காது.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம்தான். டிரவுட் குளிர்ந்த தண்ணீர் மீன், தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே திணறும். அதோடு மாசி, பங்குனியில் கிளியூர் அருவியே மெலிந்துவிடுகிறது. நம் பக்கம் டிரவுட் என்றால் நீலகிரிதான். அவலாஞ்சியில் வெள்ளைக்காரன் காலத்து டிரவுட் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது.

வீசிப் பழகத் தண்ணீரே தேவையில்லை. நான் சேலத்தில் மைதானத்தில்தான் பழகினேன். நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டு தங்கூஸை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளில் கட்டிய இறகுப் பூச்சிக்கு அப்படி இழுக்கும் அளவுக்குக் கனம் கிடையாது. கனமெல்லாம் தடித்த லைனில்தான், அதைத்தான் வீசுகிறோம். 9 அடி, 5ஆம் நம்பர் ராடு போதும். காற்று கிளம்பும் முன், காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள். முள்ளுக்குப் பதில் சிவப்பு உல்லன் நூல் ஒரு துண்டைக் கட்டுங்கள். ராடைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டென்று நிறுத்தி, லைன் முழுக்க நீளும்வரை பொறுத்து, அப்புறம் முன்னால் வீச வேண்டும். மாட்டுவண்டிச் சாட்டை மாதிரி 'சடீர்' என்று கேட்டால் அவசரப்பட்டுவிட்டீர்கள். ஆற்றில் அந்தச் சத்தத்தோடு பூச்சியும் அறுந்து போகும். முதலில் தலையைத் திருப்பி லைனைப் பார்த்தபடியே வீசுங்கள். வாக்கிங் வருகிறவர்கள் "என்னப்பா, பட்டமா?" என்று கேட்பார்கள், கேட்கட்டும். மீனும் வேண்டுமென்றால் தெரிந்தவர் தோட்டத்துக் குட்டையில் கேட்டுக்கொண்டு ஜிலேபிக் கெண்டைக்கு வீசலாம், சின்னப் பூச்சிக்கு நன்றாகவே கடிக்கும்.

ஸ்காட்லாந்தில் பழுப்பு டிரவுட் சீசன் மார்ச் 15இல் தொடங்குகிறது. அரசு லைசென்ஸ் கிடையாது. அந்த ஆற்றுப் பகுதிக்கு உரிமை உள்ளவரிடம் பர்மிட் வாங்க வேண்டும். விடியற்காலையில் எழுந்து ஓடாதீர்கள், வீண். அப்போது தண்ணீர் சில்லென்றிருக்கும். மீன் அடியில், ஓட்டம் குறைந்த இடத்தில் சும்மா கிடக்கும். பதினொன்றிலிருந்து மூன்று மணி வரைதான் நேரம். கனமான நிம்ஃபை (தண்ணீருக்குள் வாழும் இளம்பூச்சி மாதிரி கட்டியது, மூழ்கும்) அடித்தரையை ஒட்டி, ஓட்டத்தின் வேகத்திலேயே போக விடுங்கள். லைன் அதை இழுக்கக் கூடாது. ட்வீட் மாதிரி ஆறுகளில் மார்ச் கடைசியில், நண்பகலையொட்டி 'மார்ச் பிரவுன்' பூச்சிகள் திடீரென்று கூட்டமாக மேலே வரும், கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். மீன் மேலே வந்து கொத்துவது அப்போதுதான். உடனே நிம்ஃபை வெட்டிவிட்டு, அதே பழுப்பில் மிதக்கும் பூச்சியைக் கட்ட வேண்டும். விறைத்த விரலோடு முடிச்சுப் போட வராது, ஆகவே முடிச்சையும் இங்கேயே, ஐஸ் தண்ணீரில் கையை முக்கிவிட்டுப் போட்டுப் பாருங்கள்.