மல்லிகை இலையில் வெண்பஞ்சு: பூஞ்சையா, சிலந்தியா?

சிங்கப்பூரின் ஈசூன் வட்டார அடுக்குமாடித் தாழ்வாரத்தில் நீங்கள் வளர்க்கும் மல்லிகையின் இலைகளில் படர்ந்துள்ள வெண்பஞ்சு பூஞ்சையா என்று கேட்டிருக்கிறீர்கள். துடைத்தும் போகாவிட்டால், அது பெரும்பாலும் ஈரியோபைட் என்ற நுண்ணிய சிலந்திப் பேனின் தூண்டுதலால் இலையே வளர்த்துக்கொண்ட மயிராக இருக்கும். சாதாரணச் சிலந்திப் பேனுக்கு எட்டுக் கால்கள். புழு வடிவில், ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் நீளமே உள்ள இதற்கோ நான்கே கால்கள்.

கையில் பிடிக்கும் உருப்பெருக்கி இதன் நடமாட்டத்தைக் காட்டலாம், இனத்தைச் சொல்லாது. அதற்கு உடலை லாக்டிக் அமிலத்தில் ஊறவைத்துத் தெளியச் செய்து, கண்ணாடித் தகட்டில் பதித்து, முதுகுக் கவசத்தின் கோடுகளையும் கால்நுனியிலுள்ள இறகு நகத்தின் கிளைகளையும் நுண்ணோக்கியில் பொறுமையாக ஆராய வேண்டும். பல இனங்கள் ஒரே செடிவகையோடு நின்றுவிடுவதால், பரிசோதனைக்கு இலையோடு செடியின் சரியான பெயரையும் கொடுங்கள், புகைப்படம் மட்டும் போதாது.