ஒருவரா, ஒன்றா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: “என்னைத்தவிர தேவன் இல்லை” என்று ஏசாயாவின் புத்தகம் திரும்பத் திரும்பச் சொல்லுகிறது. அப்படியானால் இஸ்ரவேலர் அதுவரை வேறு தெய்வங்கள் இருப்பதாக நம்பினார்களா? – ஒரு வாசகர்

பதில்: பலர் நம்பினார்கள். வேதாகமமே அதை மறைக்கவில்லை. நாமும் மறைக்க வேண்டியதில்லை. சீனாய்ப் பகுதியில் குந்திலெத் அஜ்ருத் என்ற இடத்தில் கிடைத்த, கி.மு. 800ஐ ஒட்டிய காலத்துப் பெரிய சாடிகளில், இஸ்ரவேலின் கர்த்தராகிய யாவேயின் பெயரோடு அசேரா என்ற பெண்தெய்வத்தின் பெயரையும் சேர்த்து ஆசீர்வாதம் எழுதியிருக்கிறார்கள். தீர்க்கதரிசிகள் யாரைக் கண்டித்தார்கள் என்பதை அந்தச் சாடிகள் நம் கண்முன் வைக்கின்றன. கர்மேல் மலையில் எலியா, “நீங்கள் எந்தமட்டும் இரண்டு நினைவுகளால் குந்திக்குந்தி நடப்பீர்கள்?” என்று கேட்டபோது, எத்தனை தெய்வங்கள் உண்டு என்ற கணக்கை அவர் எழுப்பவில்லை. மழைக்குப் பாகாலையும், போருக்குக் கர்த்தரையும் நாடிக்கொண்டிருந்த ஒரு ஜனத்திடம், யாரைப் பின்பற்றப்போகிறீர்கள் என்று கேட்டார்.

ஆமோஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறார். இஸ்ரவேலரை எகிப்திலிருந்து கொண்டுவந்த அதே கர்த்தர்தான் பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் கொண்டுவந்தார் என்கிறார் (ஆமோஸ் 9:7). தங்கள் பகைவரின் வரலாற்றையும் தங்கள் தேவனே நடத்தினார் என்று கேட்பது அந்தச் சபையாருக்கு எவ்வளவு கசந்திருக்கும்! ஆனால் தேவன் ஒருவரே என்றால், அவர் நமக்கு மட்டும் சொந்தமானவர் அல்லர் என்பதும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

இந்த எண்ணம் தன் முழு உருவத்தை அடைந்தது தோல்வியில்தான். கி.மு. 586ஐ ஒட்டி எருசலேம் விழுந்தது, ஆலயம் எரிந்தது, மக்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஒரு நாடு தோற்றால் அதன் தெய்வமும் தோற்றது என்பதே அந்தக் காலத்தின் கணக்கு. அந்தக் கணக்கின்படி பாபிலோனின் தெய்வமான மர்தூக் வென்றான், கர்த்தர் தோற்றார் என்று சொல்லியிருக்க வேண்டும். ஏசாயா 40 முதல் 55 வரையுள்ள அதிகாரங்கள் அந்தச் சூழலை நோக்கிப் பேசுகின்றன. (அவற்றைச் சிறையிருப்பில் வாழ்ந்த ஒரு தீர்க்கதரிசி எழுதினார் என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் கருத்து, ஏசாயாவே முன்னறிந்து எழுதினார் என்று கொள்பவர்களும் உண்டு. இங்கே நாம் பேசும் பொருள் அதனால் மாறுவதில்லை.) தோற்ற ஜனத்தின் தேவனே, கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்த பெர்சிய அரசன் கோரேசையும் பெயர்சொல்லி அழைத்தவர் என்று அந்த அதிகாரங்கள் அறிவிக்கின்றன.

46ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். பாபிலோனின் பேல், நேபோ ஆகிய தெய்வங்களின் சிலைகள் மிருகங்களின் முதுகில் ஏற்றப்பட்டிருக்கின்றன. பாரம் தாங்காமல் அந்த மிருகங்கள் இளைத்துப் போகின்றன. அடுத்த வசனத்திலேயே கர்த்தர் தம் ஜனத்தைப் பார்த்து, தாயின் வயிறு தொடங்கி நரைவயதுமட்டும் உங்களைச் சுமப்பவர் நானே என்கிறார். யார் யாரைச் சுமக்கிறார்கள்? தம் ஜனத்தைச் சுமக்கிறவர் வேறு எவரும் இல்லை என்பதையே அந்த அதிகாரம் உணர்த்துகிறது.

கேள்வி: “கர்த்தர் ஒருவரே” என்ற இடத்தில் வரும் ‘எஹாத்’ என்ற எபிரெயச் சொல் கூட்டான ஒருமையைக் குறிக்கும் என்றும், திரித்துவம் அதிலேயே அடங்கியிருக்கிறது என்றும் ஒரு பிரசங்கத்தில் கேட்டேன். சரியா? – ஒரு வாசகி

பதில்: நான் கிறிஸ்தவ நம்பிக்கையில் நின்றுதான் இந்தப் பகுதியை எழுதுகிறேன், ஆனாலும் இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கணவனும் மனைவியும் ‘ஒரே மாம்சம்’ என்பதையும், கானானிலிருந்து கொண்டுவந்த ‘ஒரே’ திராட்சக்குலையையும் சான்றாகக் காட்டுவார்கள். நாம் ‘ஒரு குலை’ என்று சொல்லும்போது பன்மை ‘குலை’ என்ற சொல்லில் இருக்கிறதே தவிர, ‘ஒரு’ என்பதில் இல்லை. எபிரெயத்திலும் அப்படித்தான். “ஆபிரகாம் ஒருவனாயிருந்து” என்று எசேக்கியேல் 33:24 சொல்லும் இடத்திலும் இதே எஹாத்தான் வருகிறது. ஆபிரகாமைக் கூட்டான ஒருமை என்று யாரும் சொல்லுவதில்லை.

‘எலோஹீம்’ என்பது பன்மை விகுதி பெற்ற சொல் என்ற வாதமும் இதைப் போன்றதே. ஒருவரைப் பற்றிப் பேசும்போதும் பலர்பாலுக்கு உரிய ‘அவர்’ என்ற சொல்லை மரியாதைக்காக வழங்கும் தமிழருக்கு இது எளிதில் விளங்கும். எபிரெயம் வினையையாவது ஒருமையிலேயே வைத்துக்கொள்ளுகிறது: ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் ‘சிருஷ்டித்தார்’ என்பதற்குரிய வினை ஆண்பால் ஒருமை. மேலும், நியாயாதிபதிகள் 11:24இல் காமோஸ் என்ற ஒற்றைத் தெய்வத்தையும் எலோஹீம் என்ற சொல்லே குறிக்கிறது.

“இஸ்ரவேலே, கேள்” என்று தொடங்கும் அந்த வசனத்தில் (உபாகமம் 6:4) நாம் பார்க்கவேண்டியது வேறொன்று இருக்கிறது. தோல்சுருளில் அதை எழுதும்போது, முதல் சொல்லான ‘ஷெமா’ (‘கேள்’; அந்த அறிக்கைக்கே அதுதான் பெயர்) என்பதன் கடைசி எழுத்தான ஆயினையும், ‘எஹாத்’ என்பதன் கடைசி எழுத்தான தாலேத்தையும் யூத வேதபாரகர் பெரிதாக எழுதுவார்கள். தாலேத்துக்கும் ரேஷ் என்ற எழுத்துக்கும் ஒரு சிறு மூலையே வேறுபாடு. அந்த மூலை மழுங்கிவிட்டால் ‘எஹாத்’ என்பது ‘அஹேர்’ ஆகிவிடும். அதற்கு ‘வேறொருவர்’ என்று பொருள். அந்தப் பிழை நேராதிருக்கவே எழுத்தைப் பெரிதாக்கினார்கள் என்பது மரபு. பெரிதாக்கிய இரண்டு எழுத்துகளையும் சேர்த்தால் ‘ஏத்’, அதாவது ‘சாட்சி’ என்ற சொல் கிடைக்கும். ஒருவருக்கும் வேறொருவருக்கும் இடையிலுள்ள தூரம் ஒரு மைக்கோட்டின் மூலை அளவுதான் என்று தெரிந்துவைத்திருந்த மக்களின் கவனம் இது.

கேள்வி: அப்படியானால் குமாரனையும் தேவன் என்று சொல்லும் கிறிஸ்தவர்கள் ‘வேறொருவரை’த்தானே சேர்த்துக்கொண்டார்கள்? – ஒரு கல்லூரி மாணவர்

பதில்: நேர்மையான கேள்வி. கிறிஸ்தவ விசுவாசம் பதில் சொல்லியே ஆகவேண்டிய கேள்வியும் இதுதான்.

பவுலிடமிருந்து தொடங்குவோம். உபாகமம் 6:4இன் கிரேக்க மொழிபெயர்ப்பில் தேவன், கர்த்தர், ஒருவர் ஆகிய மூன்று சொற்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. யூதனாகப் பிறந்து, அந்த அறிக்கையைச் சொல்லியே வளர்ந்த பவுல், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் அதே சொற்களை எடுத்துக்கொண்டு, “பிதாவாகிய ஒரே தேவன் நமக்குண்டு” என்றும், “இயேசுகிறிஸ்து என்னும் ஒரே கர்த்தரும் நமக்குண்டு” என்றும் எழுதுகிறார் (8:6). பழைய அறிக்கையின் பக்கத்தில் இரண்டாவது ஒன்றை அவர் எழுதிவைக்கவில்லை. அந்த ஒரே அறிக்கைக்குள் இயேசுவின் பெயரை வைக்கிறார். அதுவும், தெய்வங்கள் என்று சொல்லப்படுகிறவைகள் அநேகம் இருந்தாலும் ஒரே தேவனையன்றி வேறில்லை என்று வாதாடும் பகுதியிலேயே இதைச் செய்கிறார். பிலிப்பியருக்கு எழுதும்போது இன்னும் துணிந்து, “முழங்கால் யாவும் எனக்கு முன்பாக முடங்கும்” என்று ஏசாயா 45:23இல் கர்த்தர் தமக்கென்று ஆணையிட்டதை, இயேசுவின் நாமத்தில் நிறைவேறுவதாகச் சொல்லி, ‘பிதாவாகிய தேவனுக்கு மகிமையாக’ என்று முடிக்கிறார். வேறு எவருக்கும் இடமில்லை என்று மிகக் கண்டிப்பாக முழங்கும் அதிகாரத்தையே அவர் தெரிந்தெடுத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

யோவான் சுவிசேஷத்தில் “நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்” என்று வருகிறது (10:30). கிரேக்கத்தில் அங்கே ‘ஒருவர்’ என்ற ஆண்பால் வடிவம் இல்லை. ‘ஒன்று’ என்ற அஃறிணை வடிவம்தான் இருக்கிறது, வினையோ தன்மைப் பன்மையில் இருக்கிறது. உயர்திணையையும் அஃறிணையையும் பிரித்துப் பேசும் தமிழில் இந்த நுட்பம் சிதையாமல் வந்திருக்கிறது: ‘ஒருவராய் இருக்கிறேன்’ என்று அவர் சொல்லவில்லை. பிதாவே குமாரன் என்று சொன்னவர்களுக்கு எதிராக, 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெர்த்துல்லியன் என்ற சபை எழுத்தாளர் லத்தீனில் சுட்டிக்காட்டியதும் இதையே.

பிறகு 325இல் நிசேயாவில் ஆயர்கள் கூடினார்கள். அலெக்சாந்திரியாவின் மூப்பரான ஆரியுஸ், குமாரன் இல்லாதிருந்த ஒரு நிலை உண்டு, அவர் படைக்கப்பட்டவர் என்று போதித்துக்கொண்டிருந்தார். தேவன் ஒருவரே என்பதைக் காப்பாற்றவே அவர் அப்படிச் சொன்னார் என்று பலர் நினைக்கிறார்கள். அவருடைய நோக்கமும் அதுவாகவே இருந்திருக்கலாம். ஆனால் விளைவைப் பாருங்கள். சபை இயேசுவை ஏற்கெனவே தொழுதுகொண்டிருந்தது. அவர் படைக்கப்பட்டவர் என்றால், சபை ஒரு சிருஷ்டியைத் தொழுகிறது. மேலே பெரிய தேவன், கீழே சிறிய தேவன் என்று இரண்டு பேர் ஆகிவிடுகிறார்கள். பின்னாளில் அலெக்சாந்திரியாவின் ஆயரான அத்தனாசியுஸ் வாழ்நாளெல்லாம் எதிர்த்து நின்றது இதைத்தான். குமாரன் பிதாவோடு ஒரே தன்மை உடையவர் என்று நிசேயா அறிக்கையிட்டபோது, அது ஏசாயாவைக் கைவிடவில்லை. ‘வேறொருவருக்கு’ இடமில்லை என்று ஏசாயா அடைத்த கதவை அடைத்தபடியே வைத்துக்கொண்டது என்பதே என் கருத்து. நிசேயா விசுவாசப் பிரமாணம் இன்றைக்கும் ‘ஒரே தேவன்’ என்றுதான் தொடங்குகிறது.

பேதுரு, யாக்கோபு, யோவான் மூவருக்கும் மனிதத்தன்மை ஒன்றே, ஆனாலும் மூன்று மனிதர் என்கிறோம். அப்படியிருக்க மூன்று தேவர்கள் என்று ஏன் சொல்லக்கூடாது என்று 4ஆம் நூற்றாண்டிலேயே ஒருவர் கேட்டார். நிசாவின் ஆயரான கிரகோரி அதற்கு எழுதிய பதிலில், மூன்று மனிதர் தனித்தனியே தங்கள் வேலையைச் செய்கிறார்கள், தேவனிடத்திலோ ஒவ்வொரு செயலும் பிதாவிடமிருந்து புறப்பட்டு, குமாரன் வழியாய் வந்து, பரிசுத்த ஆவியில் நிறைவுபெறும் ஒரே செயல் என்று விளக்கினார். இந்தப் பதிலால் எல்லாம் விளங்கிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கேள்வியை அவர்கள் மறைக்கவில்லை.

கேள்வி: தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்ற உவமையால் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா? – ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருவர்

பதில்: வேண்டாம். ஒரே நீர் மூன்று நிலைகளுக்கு மாறுவதுபோல, ஒரே தேவன் மூன்று வேடம் பூணுகிறார் என்று பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். அது சபெல்லியுஸின் போதனை, சபை அதை மறுத்தது. கெத்செமனேயில் இயேசு பிதாவை நோக்கி ஜெபித்தார். பனிக்கட்டி நீராவியை நோக்கி ஜெபிக்க முடியாது. அந்தத் தோட்டத்துச் சம்பவத்தையே பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்டுங்கள்.

கேள்வி: என்னோடு வேலைசெய்யும் யூத நண்பர், உங்கள் தேவன் வேறு, எங்கள் தேவன் வேறு என்கிறார். அவரிடம் எப்படிப் பேசுவது? – வெளிநாட்டில் பணிபுரியும் வாசகர்

பதில்: வாதிட்டு வெல்லப் பார்க்காதீர்கள். ரோமர் காலத்தில் அக்கிபா என்ற ரபியின் உடலை இரும்புச் சீப்புகளால் கிழித்தபோது, அவர் ஷெமாவைச் சொல்லி, எஹாத் என்ற சொல்லை நீட்டிக்கொண்டே உயிர்விட்டார் என்று யூதரின் மரபு நூலான தல்மூத் சொல்லுகிறது. அவருக்குப் பின்னும் எத்தனையோ பேர், கிறிஸ்தவர் கைகளிலேயே, அதே சொல்லோடு மரித்தார்கள். அந்தச் சொல்லைப் பற்றி உங்கள் நண்பருக்கு நாம் பாடம் சொல்லிக்கொடுக்கும் நிலையில் இல்லை.

மாற்கு 12ஆம் அதிகாரத்தை அவரோடு சேர்ந்து வாசிக்கலாம். பிரதான கற்பனை எது என்று ஒரு வேதபாரகர் கேட்க, இயேசு ஷெமாவையே பதிலாகச் சொல்லுகிறார். “சரிதான் போதகரே” என்று அவர் ஒப்புக்கொள்ள, “நீ தேவனுடைய ராஜ்யத்துக்குத் தூரமானவனல்ல” என்று இயேசு சொல்லுகிறார். குமாரனைப் பற்றிய வேறுபாடு பெரிது. அதைச் சிறிதாக்கிப் பேசுவது இருவருக்கும் நேர்மையாகாது. ஆனால் “அந்நாளில் ஒரு கர்த்தர் இருப்பார், அவருடைய நாமமும் ஒன்றாயிருக்கும்” என்று சகரியா 14:9இல் எதிர்காலத்தில் சொல்லப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். யூதர் தினந்தோறும் செய்யும் ‘அலேனு’ ஜெபம் இந்த வசனத்தோடுதான் முடிகிறது. நாமும் “உம்முடைய ராஜ்யம் வருவதாக” என்று தினந்தோறும் கேட்கிறோம். அவரிடம் அந்த வசனத்தைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொல்லுவதை முழுவதும் கேட்டுவிட்டுப் பிறகு நீங்கள் பேசுங்கள்.