செடி வளர்க்கும் அறையில் ஈரம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு முதல் மாடியில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றில் ரேக்குகள் அமைத்து மைக்ரோகிரீன்ஸ் (முளைத்த சில நாட்களில் அறுக்கும் இளங்கீரை) வளர்த்து உணவகங்களுக்குக் கொடுத்து வருகிறேன். எல்.இ.டி. விளக்குகள் மொத்தம் 600 வாட். காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை எரிகின்றன. ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி. உள்ளது. பகலில் 60 சதவீதமாக இருக்கும் ஈரப்பதம், விளக்கை அணைத்த பின் 85-ஐத் தாண்டிவிடுகிறது. தட்டுகளில் பூஞ்சை படர்கிறது. நாளொன்றுக்கு 8 லிட்டர் தண்ணீர் விடுகிறேன். நாளுக்கு 50 லிட்டர் நீர் எடுக்கும் டீஹியூமிடிஃபையர் (காற்றின் ஈரத்தை உறிஞ்சும் எந்திரம்) வாங்குமாறு கடைக்காரர் சொல்கிறார். மின்கட்டணத்தை நினைத்தால் தயக்கமாக இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: 50 லிட்டர் எந்திரம் உங்களுக்குத் தேவையில்லை; 20 லிட்டர் என்று குறிக்கப்பட்ட நல்ல எந்திரம் ஒன்று போதும். அதை வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகள் சில உள்ளன. அவற்றில் ஒன்றுக்குச் செலவே கிடையாது.

முதலில் தண்ணீர்க் கணக்கைப் பார்ப்போம். செடி வேர் வழியாக உறிஞ்சும் நீரில் மிகச் சிறு பங்கே அதன் உடலில் தங்குகிறது. மற்றதெல்லாம் இலை வழியாக ஆவியாகி அறைக் காற்றில்தான் கலக்கிறது. நீங்கள் விடும் 8 லிட்டரில், தட்டிலிருந்து வடிவதையும் அறுவடையோடு வெளியே போவதையும் கழித்தால், ஏறத்தாழ 6 லிட்டர் நாள்தோறும் காற்றில் ஏறுகிறது என்று கொள்ளலாம். இது நீங்கள் அறிந்தே அறைக்குள் கொண்டுவரும் ஈரம்.

அறியாமல் வரும் ஈரமும் உண்டு, அதுதான் கடலோரத்தில் பெரிய தொல்லை. 32 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள வெளிக்காற்றின் ஒரு கன மீட்டரில் சுமார் 25 கிராம் நீராவி இருக்கிறது. 25 டிகிரியில் 60 சதவீதமாக நீங்கள் வைத்திருக்க விரும்பும் அறைக்காற்றில் 14 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் அறையின் கொள்ளளவு, கூரை பத்தடி உயரம் என்றால், 34 கன மீட்டர். கதவிடுக்கு, ஜன்னல் சட்டம், ஏ.சி. குழாய்க்காகச் சுவரில் போட்ட ஓட்டை ஆகியவற்றின் வழியே மணிக்கு ஒருமுறை அறைக்காற்று முழுவதும் மாறுமானால், செடிகளே இல்லாவிட்டாலும் நாளொன்றுக்கு 9 லிட்டர் வரை நீர் உள்ளே வந்து சேரும். நீங்கள் ஊற்றுவதைவிட அதிகம்! குளிர்நாட்டுக்காரர்கள் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு ஈரத்தை வெளியேற்றுகிறார்கள் என்பதைப் படித்துவிட்டு இங்கும் அப்படிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அங்கு வெளிக்காற்று வறண்டது, இங்கு அது நனைந்த துணி. எனவே ஃபேன் இருந்தால் அதை நிறுத்தி அதன் வாயை மூடிவிட்டு, கதவின் அடியிலும் ஜன்னல் விளிம்பிலும் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். குழாய் ஓட்டையைப் பசைபோன்ற புட்டி (putty) வைத்து அடையுங்கள். கசிவு கால் பங்காகக் குறைந்தால் அந்த 9 லிட்டர் இரண்டே கால் லிட்டராகிவிடும். தண்ணீர் ஊற்றவும் அறுவடை செய்யவும் கதவைத் திறக்கும்போது செடிகளுக்கு வேண்டிய புதுக் காற்று கிடைத்துவிடும்.

அடுத்து, இரவில் மட்டும் ஈரம் ஏறுவது ஏன் என்பது. விளக்கு எரியும்போது அதன் சூட்டைத் தணிக்க ஏ.சி. ஓடுகிறது, ஓடும்போது அதன் குளிர்ந்த காயிலில் (உள்ளே இருக்கும் குழாய்ச் சுருளில்) நீராவி படிந்து வடிகால் குழாய் வழியே போய்விடுகிறது. விளக்கை அணைத்தால் சூடு இல்லை, ஏ.சி. அடங்கிவிடுகிறது, செடியும் மண்ணும் நீரை விட்டுக்கொண்டே இருக்கின்றன. ஆகவே எல்லா ரேக்குகளையும் ஒரே நேரத்தில் இருட்டாக்காதீர்கள். பாதி ரேக்குகளுக்கு அதிகாலை 4 முதல் இரவு 8 வரையும், மறுபாதிக்கு மாலை 4 முதல் மறுநாள் காலை 8 வரையும் டைமர் வைத்தால், ஒவ்வொன்றுக்கும் அதே 16 மணி நேரம் கிடைக்கிறது, மின்சாரம் ஒரு யூனிட்கூடக் கூடுவதில்லை, ஏ.சி.க்கும் நாள் முழுவதும் வேலை இருக்கிறது. செலவில்லாத வேலை என்று சொன்னது இதைத்தான். இத்துடன் தண்ணீரை விளக்கு எரியத் தொடங்கும் வேளையில் விடுங்கள், அணையும் முன் விடாதீர்கள். ஏ.சி.யின் ஃபேனை ஆட்டோவில் வையுங்கள். கம்ப்ரசர் நின்ற பிறகும் ஃபேன் ஓடினால் காயிலில் படிந்த நீர் மறுபடி அறைக்கே திரும்பிவிடும்.

இவ்வளவும் செய்து ஓரிரு வாரம் பாருங்கள். கோடையில் எந்திரமே வேண்டாமென்று தோன்றலாம். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவமழையில், வெளியே 25 டிகிரியும் 90 சதவீத ஈரமும் இருக்கும் நாட்களில் ஏ.சி.க்குக் குளிர்விக்கும் வேலை குறைந்துவிடும், ஈரமோ குறையாது. உங்கள் எந்திரத்தை அந்த நாட்களுக்காகத்தான் அளவெடுக்க வேண்டும். செடியின் 6 லிட்டரும் கசிவின் ஒன்றரை லிட்டரும் சேர்த்து நாளொன்றுக்கு ஏழரை லிட்டர்.

அப்படியானால் 10 லிட்டர் எந்திரம் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. பெட்டியின்மேல் அச்சிடப்படும் லிட்டர் பெரும்பாலும் 30 டிகிரியில், 80 சதவீத ஈரத்தில் அளந்தது. அதே எந்திரம் 25 டிகிரியில், 60 சதவீதத்தில் ஏறத்தாழ அதில் பாதியைத்தான் எடுக்கும். 20 லிட்டர் என்றால் உங்கள் அறையில் 10 லிட்டர். மறுபுறம் 50 லிட்டர் எந்திரம் சில நிமிடங்களிலேயே வேலையை முடித்துவிட்டு நின்று, மறுபடி கிளம்பி, மறுபடி நிற்கும், ஒவ்வொரு முறையும் காயிலில் நிற்கும் நீர் வடியுமுன் ஆவியாகும், கம்ப்ரசரும் தேயும்.

சிக்கனத்தை அளக்கும் அளவு ஒன்றே: ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை லிட்டர் நீர். வாட் எண்ணை மட்டும் பார்ப்பது பயன்தராது. 20 லிட்டர் எந்திரங்கள் இரண்டில் ஒன்று 250 வாட், மற்றது 380 வாட் என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேரத்தில் முதலாவது 6 யூனிட் இழுக்கும், அதாவது யூனிட்டுக்கு 3.3 லிட்டர், இரண்டாவது 9 யூனிட்டுக்கு மேல் இழுக்கும், யூனிட்டுக்கு 2.2 லிட்டர்தான். நாளுக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் வித்தியாசம் 60 யூனிட்டுக்கு மேல். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று கொண்டால் ஏறத்தாழ 500 ரூபாய், ஆண்டுக்கு 3,000. முதலாவதன் விலை அதற்குள் கூடுதலாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்கலாம். அமெரிக்க எனர்ஜி ஸ்டார் முத்திரையுள்ள கருவிகளில் இந்த எண்ணிக்கை யூனிட்டுக்கு இத்தனை லிட்டர் என்றே தரப்பட்டிருக்கும். அது அங்குள்ள குளிர்ந்த சோதனை நிலையில் அளந்தது என்பதால் நம் ஊர்ப் பெட்டி எண்ணைவிடக் குறைவாகத் தெரியும்; இரண்டையும் நேரடியாக ஒப்பிடக் கூடாது.

ஒரு செலவு மட்டும் பெட்டியில் இராது. எந்திரம் ஒரு லிட்டர் நீரைப் பிடிக்கும்போது, அந்த நீராவியில் ஒளிந்திருந்த சுமார் 0.68 யூனிட் வெப்பத்தையும், தான் உண்ட மின்சாரத்தையும் சூடாக அறைக்குள்ளேயே விடுகிறது. ஏ.சி. ஓடும் வேளையில் அந்தச் சூட்டை அகற்ற ஏ.சி. மீண்டும் மின்சாரம் செலவழிக்கும். எனவே விளக்கு முழுதும் எரியும் வேளையில் ஈரத்தை ஏ.சி.யே எடுக்கட்டும், இரவிலும் மழைக்காலத்திலும் எந்திரம் எடுக்கட்டும். 65 சதவீதத்தில் தொடங்கி 58-இல் நிற்கும்படி வையுங்கள்.

ஈரமானி சரியாக இல்லாவிட்டால் இவ்வளவும் வீண். ஒரு மூடியில் தூள் உப்பைக் கூழ்போலச் சிறிது நீரில் குழைத்து, ஈரமானியோடு காற்றுப்புகா டப்பாவில் ஓரிரவு வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால், எப்போதும் ஐந்தைக் கழித்துக்கொள்ளுங்கள். செடிகளின் மேல் ஒரு சிறு ஃபேன் ஓடட்டும், விதையையும் சற்று இடைவெளிவிட்டுத் தூவுங்கள். நெருக்கி விதைத்த தட்டில் அறை வறண்டிருந்தாலும் நாற்றழுகல் (நாற்றின் அடித்தண்டு அழுகும் நோய்) வரும். விற்பனைக்காக வளர்ப்பதால், வீட்டு இணைப்பிலேயே ஓட்டலாமா என்பதை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: ராயபுரம் அடுக்ககத்தில், பீரோ அளவு அலமாரியில் விளக்கு வைத்துத் துளசியும் புதினாவும் வளர்க்கிறேன். 500 மில்லி எடுக்கும் குட்டிக் கருவி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: அது கம்ப்ரசர் இல்லாமல், மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிரும் சிறு தகட்டைக் கொண்டு இயங்கும் பெல்டியர் வகை. 70 வாட் கருவி நாள் முழுதும் ஓடினால் 1.7 யூனிட் செலவில் அரை லிட்டர் எடுக்கும். மேலே சொன்ன நல்ல எந்திரத்தின் பத்தில் ஒரு பங்குத் திறன்கூட இல்லை. அலமாரிக் கதவில் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைப் பொருத்தி, அந்த ஈரத்தைக் கூடத்துக்கு விட்டுவிடுங்கள். சிலிக்கா ஜெல்லும் கால்சியம் குளோரைடு டப்பாவும் துணி பீரோவுக்கு உரியவை. தினம் தண்ணீர் ஊற்றும் இடத்தில் நிற்கமாட்டா.

கேள்வி: திருவொற்றியூரில் கடலுக்கு மிக அருகில் இருக்கிறோம். ஏ.சி. காயில் அடிக்கடி ஓட்டையாகிறது. டீஹியூமிடிஃபையரும் அப்படி ஆகுமா? அதில் சேரும் நீரைச் செடிக்கு விடலாமா?

பதில்: ஏ.சி.யின் வெளிப்பெட்டி உப்புக்காற்றில் நிற்கிறது. டீஹியூமிடிஃபையர் மூடிய அறைக்குள் இருப்பதால் அவ்வளவு அரிப்பு இராது. ஆயினும் காயிலில் பாதுகாப்புப் பூச்சு உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள், கேஸ் கசிந்தால் நம் ஊரிலேயே பழுது பார்க்கும் ஆள் உண்டா என்பதையும். எண்ணூர், மணலிப் பக்கத்துத் தூசிக்கு ஃபில்டரை இரு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். அடைத்த ஃபில்டரோடு ஓடும் எந்திரம் மின்சாரத்தை விழுங்கி நீரைக் குறைத்துத் தரும். சேரும் நீரில் காயிலின் உலோகத் துகளும் கிருமியும் கலந்திருக்கக்கூடும். தரை துடைக்கலாம், உண்ணும் கீரைக்கு வேண்டாம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் பழக்கமும் பல வீடுகளில் உள்ளது. பேட்டரிக்கு, கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரையே ஊற்றுங்கள்.